நான்கு ஆண்டுகள் அளவெடுப்பு மென்பொருளோடு: ஜன்னலைக் கழிக்கும் சிக்கல் இன்னும் தீரவில்லை

வேலந்தாவளத்திலிருந்து ஒரு தம்பி போன வாரம் கேட்டார்: "அண்ணா, பிளானில் அளவெடுக்கும் அந்த மென்பொருளுக்கு விலையைக் குறைத்துவிட்டார்களாம். வாங்கிவிடட்டுமா?" பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் நான்கு ஆண்டுகளாக அதில்தான் வீட்டு மதிப்பீடும் ஒப்பந்தக்காரர் பில்லும் போடுகிறேன். போனில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

வேகத்தில் குறையே இல்லை. ஸ்கேலும் கால்குலேட்டருமாக மூன்று நாள் பிடித்த மாடி வீடு அரை நாளில் முடிகிறது. அதைவிட என்னை மகிழ்வித்தது சரிவுக் கூரை. இந்தப் பக்கம் கான்கிரீட்டையே சரித்துப் போடுகிறவர்கள் அதிகம். பிளானில் 100 சதுர மீட்டராகத் தெரியும் கூரை, 30 டிகிரி சரிவில் 115.5 சதுர மீட்டர். கோணத்தைக் கொடுத்தால் போதும், அதுவே கணக்கிட்டுவிடுகிறது. பிளான் மாறினால் பழையதன்மேல் புதியதை வைத்து, மாறிய கோடுகளை வேறு நிறத்தில் காட்டும். யாரும் சொல்லாமல் நீக்கிவிட்ட இரண்டு சன்ஷேடுகளை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

இத்தனை தெரிந்த மென்பொருளுக்கு, சுவரின் பூச்சுப் பரப்பிலிருந்து ஜன்னல், கதவுத் திறப்புகளைச் சரியாகக் கழிக்கத் தெரியாது!

கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 1200. பூச்சு வேலைக்கு அது சொல்வது தெளிவானது. அரை சதுர மீட்டர் வரையிலான திறப்புக்குக் கழிவே கிடையாது. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, சுவரின் இருபுறமும் ஒரே பூச்சானால் ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். அதையும் தாண்டினால் இரு பக்கமும் கழித்து, திறப்பைச் சுற்றிச் சுவரின் கனத்தில் வரும் ஓரங்களைத் தனியாக அளந்து சேர்க்க வேண்டும். கழிக்காமல் விடும் அந்த ஒரு பக்கம்தான் ஓரங்களைப் பூசியதற்கான கூலி.

மென்பொருளோ எல்லாவற்றையும் இரு பக்கமும் கழித்துவிடுகிறது, குளியலறை வென்டிலேட்டர் உட்பட. 0.9க்கு 2.1 மீட்டர் கதவு ஏழு, 1.5க்கு 1.2 மீட்டர் ஜன்னல் எட்டு உள்ள வீட்டைப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு 27.63 சதுர மீட்டர், ஏறத்தாழ 297 சதுர அடி. அவ்வளவு பூச்சும் பில்லில் காணாமல் போகிறது.

முதல் ஆண்டில் இதை நான் கவனிக்கவில்லை. ஒரு கொத்தனார் டேப்பும் நாற்பது பக்க நோட்டுமாக வந்து நின்றார். ஒவ்வொரு அறையையும் பென்சிலில் எழுதியிருந்தார். "ஜன்னல் ஓரமெல்லாம் தூக்குக்குண்டு பிடித்துப் பூசியிருக்கிறேன் சார், அது எங்கே போயிற்று?" என்றார். அவர் கணக்குதான் சரி. பில்லைத் திருத்திக் கொடுத்தேன், ஆனாலும் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அளவு முறை நாட்டுக்கு நாடு வேறுபடும், வெளிநாட்டில் எழுதிய மென்பொருள் இது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரூபாயில் சந்தா வாங்குகிறவர்கள் இந்திய விதியைச் சேர்க்க வேண்டாமா? மூன்று முறை எழுதிக் கேட்டேன். "அடுத்த பதிப்பில் பார்க்கிறோம்" என்பதே மூன்று முறையும் வந்த பதில். ஒவ்வொரு திறப்பாகக் கையால் மாற்றி வைத்தால், புதுப் பதிப்பு வந்ததும் என் அமைப்புகள் அழிந்துவிடுகின்றன. போன மாதமும் அப்படித்தான் ஆனது.

நான் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். சரிவுக் கூரைக்காகவே அது எனக்கு வேண்டும். நீங்கள் வாங்க வேண்டாம், தம்பி. உங்களிடம் வருவதெல்லாம் பூச்சு, பெயின்ட் பில்கள். மூன்று வீட்டைக் கையால் அளந்து, கழிவு போட்டு எழுதுங்கள். பிறகும் ஆசை இருந்தால் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து, என் கணினியில் அதே மூன்று வீட்டையும் போட்டுப் பாருங்கள்.