ஸ்பெக்ட்ரம் மென்பொருள்: மட்டக்களப்பு, அம்பாறைக்கு எவ்வளவு பொருந்தும்?

எச்.ஐ.வி தொற்று வரும் ஆண்டுகளில் எப்படிப் பரவும் என்று மதிப்பிடுவதற்கு ஐ.நா.வின் எய்ட்ஸ் திட்டமான யூஎன்எயிட்ஸ் அமைப்பும் பல நாடுகளும் பயன்படுத்தும் ஸ்பெக்ட்ரம் மென்பொருளை, அவெனிர் ஹெல்த் நிறுவனம் இலவசமாகவே தருகிறது. தேசிய மட்டத்தில் இது நல்ல கருவிதான். மட்டக்களப்பு, அம்பாறை போன்ற ஒரு மாவட்டத்துக்கு மட்டும் எதிர்வுகூறல் செய்ய இதை நம்பி இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

நிறுவுவதில் பெரிய சிரமம் இல்லை. நாட்டைத் தெரிவுசெய்தால் ஐ.நா.வின் குடித்தொகைக் கணிப்பு தானாகவே ஏறிவிடும். புதிய தொற்றுகள், இறப்புகள், சிகிச்சை தேவைப்படுவோர் ஆகிய எண்ணிக்கைகள் ஆண்டுவாரியாகக் கிடைக்கும். தமிழில் பட்டிகள் (மெனு) இல்லை.

சிக்கல் தொடங்குவது, கண்காணிப்புத் தரவிலிருந்து தொற்றின் போக்கை மதிப்பிடும் ஈபிபி என்ற பகுதியில். இலங்கையைப் போலத் தொற்று மிகக் குறைவாக உள்ள நாடுகளில், பாலியல் தொழிலில் ஈடுபடும் பெண்கள், ஆண்களுடன் பாலுறவு கொள்ளும் ஆண்கள், போதைப்பொருளை ஊசியால் ஏற்றுவோர் எனக் குழுக்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அளவையும் கண்காணிப்புப் பரிசோதனை முடிவுகளையும், ஒருவர் சராசரியாக எத்தனை ஆண்டுகள் அக்குழுவில் இருப்பார் என்பதையும் கொடுத்தால்தான் அது தொற்றுப் போக்கின் வளைகோட்டைத் தரவுக்குப் பொருத்தும். நம் நாட்டுத் திட்டங்கள் இவற்றோடு 'பீச் போய்ஸ்' எனப்படும் கடற்கரை இளைஞர்களையும் ஆபத்துக் குழுவாகக் கொள்கின்றன. அறுகம்பையிலும் பாசிக்குடாவிலும் சீசன் காலத்தில் வேலை தேடி வருபவர்கள், மாரி தொடங்கியதும் வேறு கரைக்குப் போய்விடுகிறார்கள். ஆடியில் எண்ணினால் ஒரு தொகை, மார்கழியில் எண்ணினால் வேறொரு தொகை. மென்பொருளோ ஆண்டுக்கு ஓர் எண்ணைத்தான் கேட்கிறது.

பரிசோதனைத் தரவிலும் இதே இடர்ப்பாடுதான். 200 பேரைச் சோதித்து ஒருவருக்குத் தொற்று இருந்தால் விகிதம் 0.5% என்று எழுதிவிடலாம். ஆனால் 95% நம்பக இடைவெளியில் உண்மை விகிதம் ஏறத்தாழ பூச்சியத்திலிருந்து 2.8% வரை எங்கும் இருக்கலாம். இப்படி இரண்டு மூன்று புள்ளிகளை மட்டும் கொடுத்தால், வரும் கோடு பெரும்பாலும் மென்பொருளின் உள் எடுகோள்களின் கோடாகவே இருக்கும். தண்டனைச் சட்டக்கோவையின் 365ஏ பிரிவு ஒருபாலுறவைக் குற்றமாக வைத்திருக்கையில், அக்குழுவின் அளவை எவரும் எளிதில் எண்ணிவிட முடியாது என்பதையும் மறக்கக் கூடாது.

எனக்குப் பிடித்தது, அதே மென்பொருளில் உள்ள இன்னொரு வழி: கண்டறியப்பட்ட நோயாளர் எண்ணிக்கையையும் பதிவான எய்ட்ஸ் மரணங்களையும், கண்டறியும்போது இருந்த சிடி4 எனும் நோயெதிர்ப்புக் கலங்களின் அளவையும் கொண்டு பின்னோக்கிக் கணக்கிடும் முறை. குழுக்களின் அளவை ஊகிக்க வேண்டிய தேவை இதில் இல்லை; முதல் இலங்கையர் 1987இல் கண்டறியப்பட்டதிலிருந்து பதிவுகள் உள்ள நாட்டுக்கு இதுவே பொருத்தம். ஆயினும் சிறிய மாவட்டமொன்றில் ஓரிரு நோயாளர் கூடினாலும் குறைந்தாலும் கோடு ஆடிவிடும்.

பல்கலைக்கழகத்தில் தொற்றுநோயியல் கற்பிப்பவர்கள் இந்த மென்பொருளைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். குழு அளவை ஒருமுறை பாதியாகவும் ஒருமுறை இரட்டிப்பாகவும் மாற்றி ஓட்டிக் காட்டினால், எந்தத் தரவைத் தேடி முதலில் களத்துக்குப் போக வேண்டும் என்பது மாணவருக்கு உடனே விளங்கிவிடும்.