லாயத்தில் ட்ரோபோனின் பரிசோதனைக் கருவி: நான்கு ஆண்டு அனுபவம்

அபுதாபியில் நெடுந்தூரப் பந்தயக் குதிரைகளைப் பராமரிக்கும் லாயம் ஒன்றில் மருத்துவ உதவியாளராகப் பணிபுரிகிறேன். இதயத் தசை சேதமடையும்போது இரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் ஐ என்ற புரதத்தை அளக்கும் கையடக்கக் கருவியை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறோம். மனிதர்களுக்காகச் செய்யப்பட்ட கருவிதான். குதிரையின் ட்ரோபோனின் மனிதருடையதைப் பெரிதும் ஒத்திருப்பதால் எங்களுக்கும் உதவுகிறது. முன்பு தசைச் சேதத்தைக் காட்டும் சிகே, ஏஎஸ்டி நொதிகளையே பார்த்துவந்தோம். 120 கிலோமீட்டர் ஓடி வந்த குதிரைக்கு அவை கால் தசைகளிலிருந்தே ஏறிவிடுவதால், இதயத்தின் நிலையை அவற்றைக் கொண்டு பிரித்தறிய முடியவில்லை.

கழுத்துச் சிரையிலிருந்து உறைவைத் தடுக்கும் ஹெப்பரின் உள்ள பச்சை மூடிக் குழாயில் இரத்தம் எடுத்து, சில துளிகளைக் கருவியில் செருகும் கேட்ரிட்ஜில் (ஒரு முறை மட்டும் பயன்படும் சிறு பெட்டி) விட்டால் பத்து நிமிடத்தில் எண் வந்துவிடும். பழக்கத்தில், இந்தக் கருவிக்கு ஆகாத ஈடிடிஏ கலந்த ஊதா மூடிக் குழாயில் எடுத்து வந்த புதிய உதவியாளரால் ஒரு முறை மறுபடியும் ஊசி குத்த நேர்ந்தது. குதிரை அதை மறக்கவில்லை.

பெரிய குறை, வெப்பம். சுற்றுப்புறம் 30 டிகிரியைத் தாண்டினால் கருவி வேலை செய்யாது. செப்டம்பர் பயிற்சியின்போது திறந்தவெளியில் அதை வைத்துக்கொண்டு தவித்த பிறகு, ஏசி ஓடும் வண்டிக்குள்தான் பரிசோதிக்கிறோம். குளிர்பெட்டியில் இருக்க வேண்டிய கேட்ரிட்ஜ்களும் அங்கேயே இருக்கின்றன.

எண்ணைப் படிக்கத்தான் நெடுநாள் பிடித்தது. எங்கள் குதிரைகளுக்கு ஓய்வில் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 0.05 நானோகிராமுக்குக் கீழேயே வரும். முதலாண்டில் ஒரு பெட்டைக் குதிரைக்குப் பந்தயம் முடிந்து மூன்று மணி நேரத்தில் 0.19 வந்தபோது லாயமே கலங்கியது. மறுநாள் காலை 0.03 ஆகிவிட்டது. கடும் ஓட்டத்துக்குப் பின் இப்படிச் சிறிது ஏறி, ஓரிரு நாளுக்குள் தணிவது இயல்பு என்று மருத்துவர் விளக்கினார். குதிரையின் இரத்தத்தில் இப்புரதத்தின் அரை ஆயுள் (அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) ஒரு மணி நேரத்துக்கும் குறைவு என்பதால், மறுநாளும் எண் இறங்கவில்லை என்றால் தசை இன்னும் கசிந்துகொண்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். காய்ச்சலுக்குப் பிறகு சோர்ந்து நின்ற ஓர் ஆண் குதிரையிடம் அதைத்தான் கண்டோம்: முதல் நாள் 1.4, அடுத்த நாள் 2.1. எக்கோவில் (இதயத்தின் ஒலியலைப் படம்) இடது கீழறை தளர்ந்து சுருங்குவது தெரிந்தது. ஓய்வுக்கும் சிகிச்சைக்கும் பிறகு எண் பழைய நிலைக்கு வர மூன்று வாரம் ஆனது. அதன் பின்னும் ஈசிஜி பார்த்த பிறகே சேணம் பூட்டினோம்.

அதே குதிரையின் இரத்தத்தை வெளி ஆய்வகத்துக்கும் அனுப்பியது என் தவறு. அங்கிருந்து வந்த எண் வேறாக இருந்ததால், நோய் கூடிவிட்டதோ என்று ஓர் இரவு முழுவதும் குழம்பினோம். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அளவுகோல் வேறு. ஒன்றின் எண்ணை மற்றொன்றோடு ஒப்பிடலாகாது. இப்போது பருவத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு குதிரைக்கும் ஓய்வு நிலை அளவை எங்கள் கருவியிலேயே எடுத்து, அதன் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுகிறோம்.

ஐந்தாறு குதிரைகள் மட்டுமே உள்ளவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கேட்ரிட்ஜ் விலை அதிகம், காலாவதியும் விரைவு. சென்ற ஆண்டு மட்டும் ஒரு பெட்டியில் பாதியை அப்படியே எறிந்தோம்.