ஜூலை 31-ஆ, டிசம்பர் 31-ஆ? ரிட்டர்ன் போட எது நல்லது

"டிசம்பர் வரைக்கும் டைம் இருக்குதுல்லங்ணா, அப்புறம் போட்டுக்கலாமுங்." ஈரோட்டில் ஆடிட்டர் ஆபீஸ் வேலையில் இருக்கும் நான் ஆடி மாதம் பிறந்தாலே கேட்கும் பேச்சு இது. பொய்யில்லை. சம்பளக்காரர்களுக்கும் பென்ஷன்காரர்களுக்கும் வருமான வரி ரிட்டர்ன் கெடு ஜூலை 31. அதாவது ஆடிப்பெருக்குக்கு இரண்டு மூன்று நாள் முந்தி. விட்டவர்கள் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். ஆனால் ஜூலையில் கிடைப்பதெல்லாம் டிசம்பரில் கிடைக்காது.

எல்லோருக்கும் தெரிந்தது தாமதக் கட்டணம்: மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000 ரூபாய், அதற்கு மேல் 5,000. வரி பாக்கி இருந்தால் மாதம் 1 சதவீத வட்டி தனி. "எனக்குத்தான் வரியே இல்லையே" என்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை (ஷேர் லாபம் போன்றவை நீங்கலாக) தள்ளுபடியில் வரி பூஜ்யமாகிவிடும். ஆனால் விலக்கு வரம்பான 4 லட்சத்தைத் தாண்டியவர் தாமதமானால் கட்டணம் கட்டத்தான் வேண்டும்.

கட்டணத்தை விட என் மனசை உறுத்துவது ஷேர் நஷ்டம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, ஷேரில் குறுகிய காலத்தில் 1,50,000 ரூபாய் விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஜூலைக்குள் ரிட்டர்ன் போட்டால் அந்த நஷ்டத்தை அடுத்த 8 ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். மறுவருஷம் அதே 1,50,000 லாபம் வந்தால் இரண்டும் கழிந்துவிடும். டிசம்பரில் போட்டால் பழைய நஷ்டம் கணக்கில் வராது. லாபத்துக்கு 20 சதவீத வரி 30,000, செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 31,200. ஐந்து மாதம் தள்ளிப்போட்டதற்கு இவ்வளவு விலை. நஷ்டப்பட்டவரே இதையும் கட்டுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

வீட்டுக்கடன் வட்டி, எல்.ஐ.சி. எல்லாம் காட்டிப் பழைய முறையில் வரி கட்டும் சம்பளக்காரருக்கும் இதே கதைதான். கெடுவுக்குள் போட்டால்தான் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியும்; தாமத ரிட்டர்ன் தானாகப் புதிய முறைக்குப் போய்விடும்.

சரி, ஏன் தள்ளுகிறார்கள்? பெரும்பாலும் சோம்பலில்லை, பயம். பேங்க் வட்டிக் கணக்கு வரவில்லை, தப்பாகிவிடுமோ என்று காத்திருக்கிறார்கள். கையில் இருப்பதை வைத்து ஜூலையிலேயே போட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். விட்டுப்போனதை டிசம்பர் 31-க்குள் திருத்திய ரிட்டர்னில் சேர்த்துக்கொள்ளலாம். ஜூலையில் கிடைத்த உரிமையும் போகாது. போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. கொடுத்துச் சரிபார்ப்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. மறந்தால் சரிபார்த்த நாளே போட்ட நாளாகிவிடும்.

நீட்டிப்பை நம்பி உட்கார வேண்டாம். 2025-ல் செப்டம்பர் 15, அப்புறம் ஒரு நாள் சேர்த்து 16 என்று நீட்டினார்கள். ஒவ்வொரு வருஷமும் அப்படி நடக்கும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

டிசம்பர் போதும் என்று நான் சொல்வது ஒருவருக்குத்தான். மஞ்சள் விற்ற பணத்தை டெபாசிட்டில் போட்டு, வட்டியில் டி.டி.எஸ். (பேங்க் முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிபட்ட பெரியவர். மொத்த வருமானம் விலக்கு வரம்புக்குள் என்றால் பொதுவாகத் தாமதக் கட்டணமில்லை, ரீஃபண்டும் வரும். ஆனால் சிலர் அந்த டிசம்பரையும் விட்டுவிட்டு, நாலு வருஷம் வரை போடலாமாமே என்று அப்டேட்டட் ரிட்டர்னைக் கேட்டு வருவார்கள். அது 25-லிருந்து 70 சதவீதம் வரை கூடுதல் வரி கட்டி, விட்டுப்போன வருமானத்தைக் காட்டுவதற்கான வழி. அதில் ரீஃபண்டு கேட்க முடியாதுங்க.