தடையாணை போதுமா, உரிமையையே நிலைநாட்ட வேண்டுமா?

வில்லிவாக்கத்தில் சித்தப்பாவின் காலி மனையில் ஒருநாள் யாரோ புதிதாகக் கல் நட்டிருந்தார்கள். எதிராளி கையிலும் பதிவான கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம்தான் (சொத்து வந்த வழியைக் காட்டும் பழைய மூலப் பத்திரம்) வேறு.

"தடையாணை கேளுங்கள், செலவு குறைவு" என்றார்கள் தெரிந்தவர்கள். அதாவது, எதிராளி மனைக்குள் தலையிடாமல் தடுக்கும் கோர்ட் உத்தரவு. மனை நம் கைவசம் இருந்து, வந்தவரிடம் காகிதமே இல்லையென்றால் அது சரி. இருவரிடமும் பத்திரம் இருந்தால் உரிமையே சந்தேகத்துக்கு வந்துவிடுகிறது. அப்போது வெறும் தடையாணை வழக்கு நிற்காது, உரிமை விளம்புகையும் (சொத்து நம்முடையதே என்று கோர்ட் அறிவிப்பது) கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லியிருக்கிறது.

விளம்புகை வழக்கு கனமானது. சந்தை மதிப்பை ஒட்டி கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும். தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை ஒவ்வொரு கைமாற்றத்தையும் காட்ட வேண்டும். பட்டா மட்டும் உரிமையாகாது. அப்புறம் காலக்கெடு: விளம்புகை கேட்க 3 ஆண்டுதான். பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள், வயிறு எரிகிறது.

சித்தப்பா பாரிமுனை சிட்டி சிவில் கோர்ட்டில் இரண்டையும் சேர்த்தே கேட்டிருக்கிறார். மடிப்பில் கிழிந்த தாய்ப்பத்திரத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாய்தாவுக்கு வாய்தா மார்போடு அணைத்துக்கொண்டு போகிறார்.