ஸ்கிம்மரை மாற்றுவதா, இம்பெல்லரை மட்டும் மாற்றுவதா?

கடல்நீர் மீன்தொட்டியின் சம்ப்பில், அதாவது அதன் கீழே உள்ள துணைத் தொட்டியில், பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் புரோட்டீன் ஸ்கிம்மருக்கு (கழிவுகளைக் காற்று நுரையில் ஒட்டவைத்து வெளியேற்றும் கருவி) அண்மையில் புது இம்பெல்லர் (காந்தமும் ஊசிச் சக்கரமும் சேர்ந்த, பம்பின் சுழலும் பகுதி) போட்டேன். அதைக் கேள்விப்பட்ட நண்பர், அவரும் அதே மாடலை வைத்திருப்பவர், "இன்னும் எத்தனை நாளைக்கு இதற்கு உதிரிபாகம் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பது? ஒரேயடியாகப் புதியதை வாங்கிவிடலாமா?" என்று கேட்டார். அவரிடம் அப்போது சொன்ன பதிலில் எனக்கே முழுத் திருப்தி இல்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கருவிக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். ஸ்கிம்மருக்கு வயதாகிவிட்டது என்று நாம் சொன்னாலும் உண்மையில் வயதாவது அதன் பம்ப்தான். அக்ரிலிக் உடலிலும், நுரை ஏறும் கழுத்திலும், அது சேரும் கப்பிலும் தேய்ந்துபோக எதுவும் இல்லை. கப்பின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இறுகிப்போனால் அதை மாற்றிக்கொள்ளலாம். பம்பைக் கழற்றிப் பார்த்தபோது பீங்கான் தண்டின் மேல் கால்சியம் வெள்ளையாகப் படிந்து சொரசொரப்பாக இருந்தது. காற்றை நுண்குமிழிகளாக நறுக்கும் ஊசிச் சக்கரத்தில் சில ஊசிகள் முறிந்திருந்தன. காந்தத்தின் மேலுறை ஓரிடத்தில் விரிசல் விட்டு, உப்புநீர் உள்ளே இறங்கி, அந்தப் பக்கம் லேசாக ஊதியிருந்தது. ஊதிய காந்தம் கூட்டின் உட்சுவரில் உரசும். சில மாதங்கள் கரகரவென்று சத்தமிட்டுவிட்டு ஒருநாள் மின்தடைக்குப் பிறகு சுழலவே மறுக்கும். கால்சியம் மட்டும் படிந்திருந்தால் வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஊறவைத்தாலே போதும், ஊதிய காந்தத்துக்கு மாற்று ஒன்றே வழி. மாற்றிய பின்பு பம்பின் சத்தம் அடங்கிவிட்டது. நுரையும் பழைய அடர்த்திக்குத் திரும்பிவிட்டது.

அப்படியென்றால் குறை என்ன? காற்றுக்குழாய். இந்தக் கருவியைப் பற்றி என்னிடம் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வதும் கடைசியில் சொல்வதும் அதுதான். குழாய் வழியாக வரும் உலர்ந்த காற்றும் உப்புநீரும் சந்திக்கிற, காற்றை உள்ளிழுக்கும் அந்தச் சிறிய வெஞ்சுரி முனையில் நீர்த் துளிகள் தெறித்து, காய்ந்து, உப்பு பூத்து, நாளடைவில் துவாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டே வரும். இது ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால் கண்ணில் படுவதும் இல்லை. காற்று இழுக்கும் சீறல் மெல்ல மெல்லக் குறைந்து, நுரை கழுத்தில் ஏறாமல் கீழேயே புரண்டுகொண்டிருக்கும்போதுதான் உறைக்கும். உடனே குழாயின் மறுமுனையை வெதுவெதுப்பான ஆர்.ஓ. நீரில் அமிழ்த்தினால், பம்ப் அந்த நீரை இழுத்து உப்பைக் கரைத்துவிடும். இவ்வளவு எளிதான வேலையைப் பற்றி ஏன் புலம்ப வேண்டும் என்று நண்பர் கேட்டார்.

புலம்பல் அடைப்பைப் பற்றியது அன்று, அடைப்பு நீங்கிய பிறகு நடப்பதைப் பற்றியது. குறைந்த காற்றுக்கு ஏற்றபடி ஸ்கிம்மரிலிருந்து நீர் வெளியேறும் வால்வை நாம் அதுவரை சிறிது சிறிதாக மூடிவைத்திருப்போம். திடீரென முழுக் காற்றும் கிடைத்ததும் உடலுக்குள் நீர்மட்டம் உயர்ந்து, நுரை என்ற பெயரில் வெறும் தொட்டி நீரே கப்பில் போய் நிரம்பும். வால்வைத் திறந்தால் ஒரேயடியாக இறங்கிவிடும். மறுபடி மூடினால் இரவில் பொங்கும். மின்தடை வந்தாலும் இதே கதைதான்: தொட்டியிலிருந்தும் குழாய்களிலிருந்தும் நீர் சம்ப்புக்கு இறங்கி மட்டம் உயர்ந்திருக்கும், மின்சாரம் திரும்பியதும் ஸ்கிம்மர் அந்த ஆழத்திலேயே வேலையைத் தொடங்கி, மட்டம் பழைய நிலைக்கு வருவதற்குள் கப்பை நிரப்பிவிடும்.

கப் வழிந்து தரை நனைவதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வழிந்த உப்புநீருக்கு ஈடாக, மட்டம் குறைந்தால் தானாக நிரப்பும் ஆட்டோ டாப்-ஆஃப் கருவி நன்னீரை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்துவிடுவதுதான் ஆபத்து. ஆவியாகிப் போகும் நீரில் உப்பு போவதில்லை, அதனால் அங்கே நன்னீர் ஊற்றுவது சரி; வழிந்து போகும் நீரில் உப்பும் சேர்ந்தே போகிறது. 300 லிட்டர் அமைப்பில் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்புத்தன்மை இருக்கும்போது 5 லிட்டர் வழிந்து அதற்கு நன்னீர் சேர்ந்தால் உப்புத்தன்மை சுமார் 34.4-க்கு வந்துவிடும். ஒருமுறை என்றால் பவளங்கள் கண்டுகொள்ளாது. கவனிக்காமல் திரும்பத் திரும்ப நடந்தால் கண்டுகொள்ளும். சம்ப்பில் மட்டம் கச்சிதமாக இருப்பதால் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்ற சந்தேகமே நமக்கு வராது. உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்துப் பார்த்தால்தான் உண்டு.

இவ்வளவு எரிச்சலையும் ஒதுக்கிவைத்துவிட்டு நீரின் தரத்தை மட்டும் பார்த்தால், இந்தப் பழைய கருவியைக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நைட்ரேட் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) அளவிலும் பாஸ்பேட் 0.1-க்குக் கீழும் நிற்கின்றன. மென்பவளங்கள் மட்டுமின்றி, கல்லெலும்புள்ள பெரிய பாலிப் பவளங்களும் நன்றாகவே விரிகின்றன. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் வேலையை லைவ் ராக் எனப்படும் நுண்துளைக் கடற்பாறையில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் பார்த்துக்கொள்கின்றன. கரிமக் கழிவுகள் அழுகி அந்த நிலைக்குப் போவதற்கு முன்பே ஒரு பகுதியை நுரையில் ஒட்டவைத்து வெளியேற்றுவதே ஸ்கிம்மரின் பங்கு. அந்தப் பகுதியும் நாம் நினைப்பதைவிடச் சிறியது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் 2009, 2010 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், சோதித்த ஸ்கிம்மர்கள் எதுவும் நீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அகற்றவில்லை. புதியதை வாங்கினால் நீர் இருமடங்கு சுத்தமாகும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மீன்கள் குறைவாக உள்ள தொட்டிக்கு அளவுக்கு மீறிப் பெரிய ஸ்கிம்மரைப் போட்டால், கழுத்தில் நிலையாக ஏறும் அளவுக்கு நுரையே சேராது. எப்படியோ நைட்ரேட், பாஸ்பேட் சத்துக்களைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விட்டாலோ டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற நுண்ணுயிரிகள் மணலின் மேல் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவெனப் படர வாய்ப்புண்டு. அதற்கு நைட்ரேட் சற்றுக் கூடுதலாக இருப்பதே மேல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "என் ஸ்கிம்மர் முன்போல் எடுப்பதில்லை" என்று வரும் புகார்களில் பல, கழுத்தைத் துடைத்ததும் தீர்ந்துவிடுகின்றன. கழுத்தின் உட்புறத்தில் படியும் கொழுப்புப் படலம் நுரையை உடைத்துவிடுவதால், கப்பைக் காலி செய்யும்போதெல்லாம் விரலால் ஒரு சுற்று வழித்துவிட்டாலே வேறுபாடு தெரியும். எண்ணெய்ப் பசையுள்ள தீவனம் போட்ட பிறகும், கையைத் தொட்டிக்குள் விட்ட பிறகும் சில மணி நேரம் நுரை அடங்கிவிடுவது இயல்பு; அதைப் பழுது என்று எண்ணி வால்வைத் திருகக் கூடாது.

புதிய டிசி பம்ப் மாடல்களில் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கலாம். தீவன நேரத்தில் சில நிமிடங்கள் நிறுத்திவைக்கலாம். சிலவற்றில் கப் நிரம்பியதும் பம்பை நிறுத்தும் சென்சாரும் உண்டு. ஆனால் என்னுடையது போன்ற ஏசி பம்பில் பெரும்பாலும் பழுதாகக்கூடியது ஓர் இம்பெல்லர் மட்டுமே. டிசி மாடலில் அதனோடு கன்ட்ரோலரும் அடாப்டரும் சேர்ந்துகொள்கின்றன. உப்புக் காற்று நிறைந்த சம்ப் அலமாரிக்குள் மின்சுற்றுப் பலகை எவ்வளவு காலம் தாங்கும் என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. காற்றுக்குழாயில் உப்பு பூப்பதை எந்த கன்ட்ரோலரும் தடுக்கப்போவதில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: மாற்ற வேண்டாம். இம்பெல்லர் ஒன்றும் ஓ-ரிங் இரண்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கையில் பணம் மிஞ்சினால், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஃபில்டர் சாக் (வடிகட்டும் துணிப்பை) துவைக்கும் வேலையிலிருந்து விடுதலை தரும், வடிதுணிச் சுருளைத் தானாகவே நகர்த்திக்கொள்ளும் ஃப்ளீஸ் ரோலரில் போடுங்கள். நீருக்கு அதனால் கிடைக்கும் நன்மை கண்கூடாகத் தெரியும்.

நானோ, கப் சென்சார் உள்ள டிசி ஸ்கிம்மர் ஒன்றை வாங்க முடிவு செய்துவிட்டேன். மேலே எழுதியவற்றில் ஒரு வரியைக்கூட நான் திரும்பப் பெறவில்லை. கணக்குப்படி பழையதே போதும். ஆனால் இம்பெல்லர் மாற்றிய அன்று இரவும் அது பொங்கி வழிந்தது, அதற்கு மேல் எனக்குப் பொறுமையில்லை. வெளியூர் போகும்போது வால்வை எந்த அளவில் விட்டு வந்தோம் என்று யோசித்துக்கொண்டிருக்க இனி என்னால் ஆகாது. புதிய ஸ்கிம்மர் நுரை பிடித்து நிலைபெற ஓரிரு வாரங்கள் ஆகும் என்பதால் அதுவரை இரண்டையும் சம்ப்பில் சேர்த்தே ஓடவிடப் போகிறேன். இடம் போதுமா என்று இன்னும் அளந்து பார்க்கவில்லை.