முன் சக்கரம் கழற்ற: ஜாக்கியா, பேடாக் ஸ்டாண்டா?

வீட்டிலேயே பைக்கின் முன் சக்கரத்தையும் மட்கார்டையும் கழற்ற நினைப்பவர்கள் தயங்குவது, வண்டியை எதில் தூக்குவது என்பதில்தான்.

செலவு: சென்டர் ஸ்டாண்ட் போட்டு, என்ஜினுக்கு அடியில் பலகை வைத்து, கார் ஜாக்கியால் தூக்கினால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பேடாக் (சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தும் தனி ஸ்டாண்ட்) என்றால் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று தேவை.

உறுதி: ஜாக்கிக்குச் சமதரை வேண்டும். சைலன்சர் குழாய் என்ஜினுக்கு அடியில் ஓடும் வண்டிக்கு ஜாக்கி வேண்டவே வேண்டாம். பேடாக் அசையாது. ஆனால் ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரு கால்கள்) அடியைத் தாங்கும் வகையானால் ஃபோர்க்கைக் கழற்ற முடியாது.

எதில் தூக்கினாலும் சரி, டிஸ்க் பிரேக் வண்டியில் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லீவரை அமுக்காதீர்கள், பிரேக்கின் பிஸ்டன் வெளியே வந்துவிடும். பிரேக் பேடுகளுக்கு நடுவே அட்டைத் துண்டு செருகிவிடுங்கள்.

எப்போதாவது செய்யும் வேலைக்கு ஜாக்கி போதும். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டிக்கு பேடாக்தான் என் தேர்வு.