பெரியப்பாவா, பயிற்சி பெற்ற சமரசரா?

கணவன் மனைவி சண்டைக்கு நீதிமன்ற சமரசர் எதற்கு, வீட்டுப் பெரியவர் போதாதா என்று கேட்கிறார்கள். அவருக்கு இரண்டு வீட்டுக் கதையும் தெரியும், யார் யார் பேச்சைக் கேட்பார் என்றும் தெரியும், அது சின்ன விஷயமில்லை. ஆனால் கடைசியில் அவர் தீர்ப்பு சொல்லிவிடுவார், அதுவும் பெரும்பாலும் "நீ கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்றுதான்.

நீதிமன்ற சமரசர், அதாவது இரு தரப்பையும் பேசவைத்து அவர்களே ஒரு முடிவுக்கு வர உதவுபவர், தீர்ப்பே சொல்லக் கூடாது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-இலேயே சமரச மையம் வந்துவிட்டது; சமரசருக்கு 40 மணி நேரப் பயிற்சி உண்டு. அதில் முக்கியமானது காது கொடுப்பது: "என் நகையைத் திருப்பிக் கொடு" என்று மனைவி கத்தினால், உள்ளே இருப்பது அவமானமா வாடகைக் கவலையா என்று தனியாக உட்காரவைத்துக் கேட்பது, கேட்டதை அவள் சம்மதமில்லாமல் அந்தப் பக்கம் சொல்லாமலிருப்பது. அப்புறம் ஜீவனாம்சம், குழந்தையைப் பார்க்கும் நாள் எல்லாம் எழுத்தில் வர வேண்டும், அதற்குச் சட்டமும் தெரிய வேண்டும். அடி உதை இருக்கும் வீடு என்றால் பேச்சையே நிறுத்தத் தெரிய வேண்டும். நான் சமரசரிடம்தான் போகச் சொல்வேன்.